மூன்று சாண் ஜாலர்

பண்டிகை வந்தால் எனக்கு விடுமுறை. லூர்துமேரி டீச்சருக்குக் கணக்கு. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பை ஒட்டி உள்ளே நடந்தால் வரும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். அவர் தலைமையாசிரியை, மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் அவர் கையில். ஒன்றும் இரண்டும் என் தலையில். அவர் 1993இல் வந்து சேர்ந்தார், நான் இரண்டு வருடம் கழித்து. சேர்ந்த முதல் வாரமே என்னைப் பார்த்து, "பாணி சார், கத்திரிக்கோல் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். கோதண்டபாணி என்று என்னைப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயரில் பாதியைக் கத்தரித்தவர் அவர்தான்.

பொங்கலுக்கு முன்னால் அவருடைய வகுப்பில் வாழ்த்து அட்டை செய்வார்கள். ஒரு தாளைப் பாதியாக, அதைக் காலாக, அதையும் மடித்து அரைக்காலாக ஆக்கினால்தான் அட்டை வரும். மடிப்பு பிசகினால் கரும்பு ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் நிற்கும். மார்கழியில் பிள்ளைகள் மணலில் புளியங்கொட்டை வைத்துக் கோலப்புள்ளி போடுவார்கள். நடுவில் ஏழு புள்ளி, இரண்டு பக்கமும் ஒன்றொன்றாகக் குறைந்து நாலில் நிறுத்த வேண்டும். மொத்தம் எத்தனை கொட்டை என்று எண்ணாமல் சொல்ல வேண்டும். சுதந்திர தினத்துக்குக் கொடி. நீளம் மூன்று பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு. கிறிஸ்துமசுக்கு ஈர்க்குச்சியில் நட்சத்திரம். வாய்ப்பாட்டை அடித்துச் சொல்லிக் கொடுத்தும் ஏறாத பிள்ளைகள், பசை ஒட்டிய விரலோடு "முப்பத்தேழு டீச்சர்!" என்று கத்துவதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்பேன். பொறாமையாகத்தான் இருக்கும். என் வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டதேயில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. திண்டிவனத்தில் தம்பி வீட்டு மாடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம். சம்பளத்தில் ஒரு பகுதி கலர்த் தாளாகவும் மைதா மாவாகவும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடும். "உங்க தம்பி பெண்டாட்டி உங்களை வீட்டை விட்டுத் துரத்தப் போறாங்க" என்பேன். "துரத்தினா இங்க வந்து படுத்துக்குவேன், நீங்க சாவியை மட்டும் குடுங்க" என்பார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிக்கிறவராகத்தான் இருந்தார்.

1998இல் ஐந்தாம் வகுப்பில் துர்கா என்றொரு பெண் படித்தாள். சின்னக் கண், பெரிய வாய். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அவள் அம்மா கோவிந்தம்மாள் பிள்ளையார் குடை செய்து விற்பவர். சதுர்த்தியன்று களிமண் பிள்ளையார் வாங்குகிறவர்கள், பின்னால் குத்தி வைக்க ஒரு காகிதக் குடையும் வாங்குவார்கள். எங்கள் பக்கத்தில் குடையில்லாத பிள்ளையாரை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். ஆடி பிறந்ததிலிருந்தே கோவிந்தம்மாள் வீட்டில் அட்டையும் ஜிகினாத்தாளும் மூங்கில் குச்சியுமாகக் கிடக்கும். சதுர்த்திக்கு முந்தைய நாளும் சதுர்த்தி காலையும் திண்டிவனம் பஜாரில் உட்கார்ந்து விற்பார். மற்ற நாளில் அவருக்கும் புருஷனுக்கும் கூலி வேலைதான். அடைமழை மாதங்களில் அந்த வேலையும் கிடையாது. தீபாவளி முடிந்ததும் புருஷன் கரும்பு வெட்டப் போய்விடுவார். கோவிந்தம்மாளும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்து, துர்கா பள்ளிக்கூடம் வருவது அந்தக் குடைக் காசில்தான். இதெல்லாம் ஊருக்கே தெரியும். டீச்சருக்கும் தெரியும்.

தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. அந்த வருடம் டீச்சர், பிள்ளையார் குடையில் வட்டம் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தார். வகுப்பில் குடை செய்யத் தெரிந்த ஒரே ஆள் துர்கா. "உங்க அம்மா பண்றதை நீ இவங்களுக்குச் சொல்லித் தரியா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு இது ஒரு கௌரவம் என்றுதான் நினைத்தார். தன் அம்மா பார்க்கிற வேலையைப் பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருந்தார். துர்காவுக்கும் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் டீச்சர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஒரு சாண் குறுக்களவுள்ள வட்டம் வெட்டினார்கள். விளிம்பைச் சுற்றித் தொங்கவிடும் ஜாலருக்கு எவ்வளவு நீளத் தாள் வேண்டும் என்பது கேள்வி. டீச்சர் நூலால் அளக்க வைத்தார். மூன்று சாணும் மேலே கொஞ்சமும் வந்தது. எந்த வட்டத்தை அளந்தாலும் அப்படித்தான் வரும் என்று எல்லோரும் அளந்து பார்த்து அதிசயப்பட்டார்கள். அந்த நீளத்துக்குத் தாள் வெட்டி ஒட்டினால், எல்லார் குடையிலும் ஜாலர் மிஞ்சித் தொங்கியது. டீச்சரே முழித்தார். துர்காதான் சிரித்தாள்.

"ரெண்டு விரல் மேல ஏத்தி ஒட்டுனாதான டீச்சர் தட்டு குடையாவும்? வட்டம் சுருங்கிடும் இல்ல? மூணு சாண் போதும். எங்கம்மா மூணு சாண்தான் கிழிக்கும்."

வெட்டிய வட்டத்தைக் குடையாகக் கூம்ப வைக்க, ஓர் இடத்தில் கீறி ஒரு விளிம்பை மறுவிளிம்பின் மேல் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரண்டு விரல் அளவும் சுற்றளவிலிருந்து போய்விடும். மேலே இருந்த அந்தக் கொஞ்சம் அங்கேதான் காணாமல் போனது. டீச்சர் அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொண்டார். என்னை வகுப்பிலிருந்து இழுத்து வந்து, "பாருங்க பாணி சார், நான் கணக்கு போட்டேன், இவ குடையைப் போட்டுட்டா!" என்றார்.

அதோடு விட்டிருந்தால் எங்கள் ஊரோடு போயிருக்கும். மறுவாரம் திண்டிவனத்தில் ஒன்றிய ஆசிரியர்கள் கூட்டம். டீச்சர் துர்காவையும் அழைத்துக்கொண்டு போனார். காகிதப் பெட்டியைத் தூக்கி வந்தது நான். பாவாடை சட்டையில் இரட்டைச் சடை போட்டு, மேசை மேல் ஏறி நின்று அந்தப் பெண் குடை செய்து காட்டினாள். மூன்று சாண், இரண்டு விரல், குச்சியை நடுப்புள்ளியில் எங்கே குத்துவது, ஜாலரை எப்படிக் கொசுவுவது, ஒன்று விடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். சுற்றுப்பட்டுப் பள்ளிக்கூடம் அத்தனையிலும் அந்த வாரமே பிள்ளைகள் குடை செய்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

சதுர்த்தியன்று காலையில் டீச்சர் பஜாருக்குப் போனார். கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பிள்ளையார் கடையில் என்ன வேலை என்றால், பிள்ளைகள் செய்த குடைகளைப் பார்க்கத்தான். நான் எங்கள் வீட்டுப் பிள்ளையாரோடு அங்கே நின்றிருந்தேன். ஒரு அம்மா களிமண் பிள்ளையாரைப் பலகையில் வாங்கிக்கொண்டு, கையோடு கொண்டு வந்த கோணல்மாணல் குடையை அதன் முதுகில் குத்தினார். அடுத்து வந்தவர் கையிலும் ஒரு குடை இருந்தது. டீச்சர் முகமெல்லாம் பல்லாக, "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று என் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். எருக்கம்பூ மாலை விற்கிறவர்களைத் தாண்டி நாலடி வைத்தார். நின்றுவிட்டார்.

கோவிந்தம்மாள் கூடையும் கூடையைச் சுற்றி மணல் மேட்டில் குத்தி வைத்த குடைகளுமாக உட்கார்ந்திருந்தார். ஒன்றும் குறையவில்லை. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ஒரு குடை கோணல் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்து, "பசங்க இஸ்கூல்லயே பண்ணிக்கினு வந்துட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் சுவரோரம் துர்கா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். பிறகு சட்டென்று பையைத் திறந்து, "எல்லாக் குடையையும் நான் எடுத்துக்கிறேன் கோவிந்தம்மா" என்றார்.

கோவிந்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"ஒங்க சாமிக்கு ஏதுங்க குடை?"

"இல்ல, நான்..."

"வேணாம் டீச்சர். பிச்சை போட்டாப்ல ஆயிடும். எம் பொண்ணு கையைக் கொண்டே எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க. தெரிஞ்சி செய்யல. வுடுங்க. நீங்க போய்க்கினே இருங்க, நாலு பேரு பாக்கறாங்க."

டீச்சர் போகவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். என் பிள்ளையாருக்கு ஒரு குடை வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது. என் மகனும் ஒரு குடை செய்து வைத்திருந்தான்.

அன்றைக்குச் சாயந்திரம் துர்காவுக்கு அடி விழுந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். குடைக்கு வைத்திருந்த மூங்கில் குச்சியாலேயே அடியாம். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்டால் பதில் வரவில்லை. டீச்சர் அவளிடம் பேசப் பார்ப்பார், பேச்சு வராமல் வேறு யாரிடமாவது ஏதாவது கேட்டுவிடுவார். குற்றம் செய்தவருக்குக் குற்றத்தின் முகத்தைப் பார்க்கப் பயம், என்ன செய்வது. தீபாவளி முடிந்ததும் அந்த வருடம் புருஷனோடு கோவிந்தம்மாளும் முன்பணம் வாங்கிக்கொண்டு கரும்பு வெட்டப் போனார். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, துர்காவும் போனாள்.

டீச்சர் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. கண்ணுக்குக் கீழே கரு வளையம் விழுந்தது. கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர், "இதுல நீ மீறின கட்டளை எதும்மா?" என்று கேட்டாராம். டீச்சருக்குச் சொல்லத் தெரியவில்லை. களவு இல்லை, பொய் இல்லை, பொறாமை இல்லை. "நல்லது நினைச்சுத்தானே செஞ்சே, மனசைப் போட்டு வதைச்சுக்காதே" என்று அனுப்பிவிட்டார். "பாவம்னு சொல்லியிருந்தா தேவலை, பாணி சார். அபராதமாவது குடுத்திருப்பார்" என்று டீச்சர் என்னிடம் சொல்லி அழுதார். எனக்கோ எரிச்சல். "நீங்க என்ன கொலையா பண்ணிட்டீங்க? கரும்பு வெட்டப் போற குடும்பம் இந்த ஊர்ல இது ஒண்ணுதானா?" என்று கத்திவிட்டேன். கரும்பு வெட்டப் போன குடும்பங்கள் பல உண்டு. அவர் அனுப்பி வைத்தது ஒன்றைத்தான்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை, அவரைப் பார்க்கப் பொறுக்காமல், கோவிந்தம்மாள் கரும்பு வெட்டுகிற இடத்துக்கு நானே கிளம்பச் சொன்னேன். விழுப்புரம் போய், அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர் பஸ். வழியெல்லாம், "துர்காவை எங்க வீட்லயே வச்சுப் படிக்க வைக்கிறேன்னு கேப்பேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தம்பி பெண்டாட்டியிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தார். இறங்கி விசாரித்து, வரப்பு வரப்பாக நடந்து கண்டுபிடித்தபோது உச்சி வெயில்.

வெட்டிய கரும்பைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். கரும்புச் சோகை வேய்ந்த குடிசைகள் நாலைந்து. ஒன்றின் வாசலில் துர்கா நின்றிருந்தாள், இடுப்பில் தம்பி. கையெல்லாம் சோகை கிழித்த கீறல். எங்களைப் பார்த்தாள். நாங்கள் அவளைப் பார்த்ததையும் பார்த்தாள். அடுத்த நொடி கரும்புக் கட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பாவாடை நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

கோவிந்தம்மாள் வெட்டுக்கத்தியை அங்கேயே போட்டுவிட்டு, முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். டீச்சர் கேட்க வந்ததைத் தடுமாறிக் கேட்டார்.

"வூட்டுப் பொண்ண அடுத்தவங்க வூட்ல வுட்டுட்டு நாங்க எப்படிங்க தூங்கறது? சின்னவன யாரு பாக்கறது?" என்றார் கோவிந்தம்மாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வந்ததே போதும் டீச்சர். இவ்ளோ தூரம் யாரு வருவாங்க? வெட்டு முடிஞ்சி ஊருக்கு வர்றப்போ பாத்துக்கலாம். வெய்யில்ல நிக்காதீங்க, ஆளுக்கு ஒரு கழி கரும்பு தர்றேன், எடுத்துக்கினு போங்க."

நான் கட்டுப் பக்கம் பார்த்து, "நான் போய்க் கூட்டிக்கிட்டு வரேன் டீச்சர், ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க" என்றேன். டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம் சார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலை அவளுக்கு. கோவமா இருக்கா. இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான்."

அவர் கண்ணில் நீர் நின்றது. எனக்குப் பசி, சீக்கிரம் பஸ் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. சரி என்று திரும்பிவிட்டோம். கரும்புக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்றதும் அதை யாரிடமோ கொடுத்துவிட்டு ஏறியதும் நினைவிருக்கிறது. வெட்டு முடிந்து அந்தக் குடும்பம் ஊருக்கு வரவில்லை. அங்கிருந்து செங்கல் சூளைக்குப் போனார்கள் என்றார்கள், பிறகு முகையூர்ப் பக்கம் என்றார்கள். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. துர்காவின் பெயருக்கு எதிரே நீண்ட விடுப்பு என்று எழுதுவதை ஐந்தாம் வகுப்பு முடியும்வரை டீச்சர் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு டீச்சருடைய பண்டிகைக் கணக்கு படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். எதைச் செய்வதற்கு முன்னாலும், அதை யார் விற்கிறார்கள் என்று பஜாரில் விசாரிப்பார். பொங்கல் வாழ்த்து அட்டை பெட்டிக்கடையில் தொங்குகிறது, ஆகவே வேண்டாம். நட்சத்திரம் கோயில் வாசலில் கால் ஊனமான ஒருவர் விற்கிறார், வேண்டாம். புளியங்கொட்டையை எங்கள் ஊரில் யாரும் விற்பதில்லை என்பதால் கோலம் மட்டும் தப்பியது. அதற்கும் ஒருநாள், "கோலமாவு விக்கிற வீரம்மாளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "புள்ளைங்க கோலம் கத்துக்கினா எனக்கு மாவுதான் ஜாஸ்தி போவும், போங்க டீச்சர்" என்று வீரம்மாள் சிரித்தபிறகுதான் நிம்மதி. "கொடியை விட்டுட்டீங்களே, கொடி விக்கிறவன் என்ன பாவம் பண்ணினான்?" என்று நான் கிண்டல் செய்தேன். மறு வருடம் கொடியும் போய்விட்டது. வாயைக் கொடுத்துப் புண்ணாக்கிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். பண்டிகை வந்தால் அடுத்த அறையிலிருந்து வந்த சத்தம் நின்றுபோனது. கரும்பலகையில் வட்டம் வரைந்து சுற்றளவு சொல்லிக் கொடுத்தார். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். "இவங்களுக்கும் நான் அநியாயம்தான் பண்றேன்" என்று அதற்கும் சேர்த்து வருந்தினார். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் என்று அரசாங்கமே அட்டை அட்டையாக அனுப்பி, பிள்ளைகளைத் தரையில் உட்கார்ந்து செய்யச் சொன்னது. ஆய்வுக்கு வந்த அதிகாரி, "பண்டிகைக் கைவேலையை வச்சே கணக்கு சொல்லித் தரலாமே மேடம், நீங்க முயற்சி பண்ணதில்லையா?" என்று கேட்டார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டு, "இல்லைங்க சார், தோணலை" என்றார். அவர் பொய் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

2012இல் ஓய்வு பெற்றார். ஓய்வூதியக் காகிதத்தில் ஏதோ குறை என்று விழுப்புரம் அலைய வேண்டியிருந்தது. செப்டம்பர் மாதம் ஒருநாள் நானும் துணைக்குப் போனேன். வேலை முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கையில் ஒரு பக்கம் சாலை தோண்டிப் போட்டிருந்தார்கள். பஜார் வழியாகத்தான் போக வேண்டும். மறுநாள் சதுர்த்தி. சதுர்த்திச் சமயத்தில் டீச்சர் எந்த ஊர் பஜாருக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வேகமாக நடந்தார்.

"டீச்சர்! லூர்துமேரி டீச்சர்!"

குடை விற்கிற பெண். நன்றாகத் தடித்திருந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு. சின்னக் கண்ணும் பெரிய வாயும் மாறவில்லை. டீச்சர் அப்படியே நின்றார்.

"துர்கா டீச்சர்! மறந்துட்டீங்களா? பாணி சார் கூட அப்படியே கீறாரு, முடிதான் கொட்டிப் போச்சு. உக்காருங்க, இந்தாங்க, இந்தச் சாக்குல உக்காருங்க."

அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆயிற்று என்றாள். புருஷன் லாரியில் கிளீனர். தம்பி சென்னையில் வேலை. இவள் வருடத்துக்கு ஒருமுறை குடை, மற்ற நாளில் கீரை. பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒன்று உட்கார்ந்து, கீழே கிடந்த ஜிகினாத்தாளை எடுத்துக் கொசுவிக்கொண்டிருந்தது. துர்கா அதன் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏய், தொடாத. எத்தினி வாட்டி சொல்றது?"

"உன் பொண்ணா? நல்லா மடிக்கிறாளே," என்றார் டீச்சர். "நீ கத்துக் குடுத்தியா?"

"இவளுக்கா? அய்யய்யோ. இஸ்கூல்ல போய்ச் சொல்லிடும் டீச்சர்." துர்கா சிரித்தாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நான் வாயக் குடுத்து எங்கம்மா பொழப்பக் கெடுத்தேன் இல்ல? என் வாய் இவளுக்கும் கீது. பயமா இருக்கும்."

"நீயா கெடுத்தே?"

"பின்ன யாரு? வூட்டு வேலைய வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியல. சின்னப் பொண்ணு. மேசை மேல ஏத்தி வுட்டதும் எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன்." ஒருவர் குடை விலை கேட்டார், அவருக்குப் பதில் சொல்லி, ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "ஒருவாட்டி திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்புக் கொல்லைக்கு வந்தீங்க, ஞாபகம் கீதா? நான் ஓடிப் போய் ஒளிஞ்சிக்கினேன்."

"கோவத்துல," என்றார் டீச்சர்.

"கோவமா? ஒங்க மேலயா?" துர்காவுக்கு அது புரியவேயில்லை. "வெக்கம் டீச்சர். என்னாலதான எங்கம்மா பஜார்ல நாலு பேரு எதுர ஒங்களப் பேசிடுச்சி. எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது? ஆனா நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். இஸ்கூல்ல கூப்புடுவீங்களே, துர்கான்னு இழுத்து. கூப்டா வந்துடலாம்னு நின்னேன். நீங்க திரும்பிப் போயிட்டீங்க. சரி, டீச்சருக்கும் நம்ம மேல கோவந்தான்னு நெனச்சிக்கினேன்."

டீச்சர் சாக்கிலிருந்து எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுடி. உன் அம்மா விக்கிறதுன்னு தெரிஞ்சும் கேட்டவ நான். உன்னைக் கூட்டத்துக்கு இழுத்துட்டுப் போனவ நான். நீ ஒண்ணுமே பண்ணலை. கேக்குதா? நீ ஒண்ணுமே பண்ணலை."

துர்காவின் கண்ணும் கலங்கியது. உடனே புறங்கையால் துடைத்துக்கொண்டு, வியாபார இடத்தில் அழுவது அபசகுனம் என்பதுபோல அக்கம்பக்கம் பார்த்தாள்.

"அதுக்குப் போய் அழறீங்களே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா தேவலை டீச்சர். இப்ப இன்னா, எல்லாம் ஆயிப் போச்சு." மணலிலிருந்து ஒரு சிவப்புக் குடையைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள். "காசெல்லாம் எடுக்காதீங்க. எடுத்துக்கினு போங்க."

டீச்சர் அந்தக் குழந்தையின் பக்கம் குனிந்தார். ஏதோ கேட்க நினைத்தது தெரிந்தது. ஆனால் துர்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல், அதன் கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். நாங்கள் நடந்தோம். குழந்தை கீழே கிடந்த தாளை மறுபடி எடுத்ததும், பின்னால் அடி விழுகிற சத்தமும் கேட்டது.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். குடை மடியில். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் அடைத்துக்கொண்டு, பஸ் நெடுநேரம் நின்றது. பதினாலு வருடமாக இவர் இப்படி முகத்தை வைத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஒரு வசனம் தயாராக இருந்தது. கொலையா பண்ணிட்டீங்க, விடுங்க டீச்சர் என்பேன். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை. கரும்புக் கட்டுக்கு வெளியே தெரிந்த பாவாடை நுனி என் கண்ணிலும் நின்றது.

டீச்சர் குடையின் ஜாலரை விரலால் சாண் போட்டு அளந்தார். மூன்று சாண் சரியாக இருந்தது. அதை மறுபடி மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"சாமியார்கிட்ட சொன்னேன். கோவிந்தம்மா கால்ல விழாத குறையா நின்னேன். உங்ககிட்ட இத்தனை வருஷமா புலம்பினேன். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லலை, பாணி சார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பா."